பரிந்துரைக் கடிதம்: பேராசிரியரிடம் நீங்கள் கொண்டுபோக வேண்டிய குறிப்பு

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகளிலும், பைசுஅள்ளியில் உள்ள பெரியார் பல்கலைக்கழக மையத்திலும், பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலும் படிப்பவர்களில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கோ வெளிநாட்டு முதுகலைப் படிப்புக்கோ முனைவர் பட்ட ஆய்வுக்கோ விண்ணப்பிக்க விரும்புவோர் பலர். அவர்கள் மதிப்பெண் பட்டியலையும், அந்தப் படிப்பை ஏன் விரும்புகிறோம் என்று தாங்களே எழுதும் நோக்க அறிக்கையையும் பலமுறை சரிபார்க்கிறார்கள். பரிந்துரைக் கடிதத்தை மட்டும், அலுவலகத்தில் போனஃபைடு சான்றிதழ் வாங்குவதைப் போல, கடைசி வாரத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நன்னடத்தைச் சான்றிதழ் எல்லா மாணவருக்கும் ஒரே வாசகத்தில் தரப்படுவது. பெயரும் பதிவெண்ணும் மாறினால் போதும். பரிந்துரைக் கடிதத்தில் இன்னொருவர் பெயரைப் போட்டாலும் அது பொருந்துமானால், அந்தக் கடிதத்தால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

கடிதத்தைப் படிக்கப் போகிறவரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அவர் உங்களைப் பார்த்ததில்லை. பெரும்பாலும் உங்கள் கல்லூரியின் பெயரைக் கேள்விப்பட்டும் இருக்கமாட்டார். அவர் முன்னால் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலான கடிதங்கள், விண்ணப்பதாரர் கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகுபவர் என்றே சொல்கின்றன. அவர் தேடுவது, உங்கள் ஆசிரியர் தம் கண்ணால் பார்த்த ஒரு செயலை: ஒரு சோதனை தவறியபோது நீங்கள் என்ன செய்தீர்கள், பாடத்திட்டத்துக்கு வெளியே எதைத் தேடிப் படித்தீர்கள், வகுப்பில் எந்தக் கேள்வியைக் கேட்டீர்கள் என்பது போன்றவற்றை. அப்படிப்பட்ட இரண்டு செய்திகள் இருந்தாலே ஒன்றரைப் பக்கக் கடிதம் வலுவானதாகிவிடும்.

ஆசிரியருக்கு உங்கள்மேல் நல்லெண்ணம் இருந்தும் கடிதம் மெலிந்து போவதற்குக் காரணம், பெரும்பாலும் நினைவுக் குறைவுதான். ஆண்டுதோறும் புதிய வகுப்புகள், இன்டர்னல் மதிப்பெண் பதிவு, தேர்வுக் கண்காணிப்பு, விடைத்தாள் திருத்தும் பணி, தர மதிப்பீட்டுக் குழுவுக்கான கோப்புகள் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர், நீங்கள் நல்ல மாணவர் என்பதை மறக்கமாட்டார். எந்த நாளில் எதைச் செய்ததால் அப்படி நினைத்தார் என்பதை மறந்திருப்பார். மறந்துபோன அந்த விவரங்களை அவர்முன் வைப்பதே மாணவர் செய்ய வேண்டிய வேலை.

யாரிடம் கேட்பது

நம் ஊர்களில் கல்லூரி முதல்வரிடமோ துறைத்தலைவரிடமோ கடிதம் வாங்கினால்தான் மதிப்பு என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. சிலர் சட்டமன்ற உறுப்பினரிடம்கூட வாங்கித் தருவதாகச் சொல்வார்கள். கையெழுத்திடுபவரின் பதவி பெரிதாக இருந்து, கடிதத்தில் உங்களைப் பற்றி ஒன்றுமே இல்லையென்றால், அவருக்கு உங்களைத் தெரியாது என்பதை அந்தக் கடிதமே அறிவித்துவிடும். உங்கள் ஆய்வேட்டை வழிநடத்திய கௌரவ விரிவுரையாளர், இரண்டு பருவம் உங்கள் ஆய்வகப் பணியை அருகிலிருந்து பார்த்தவர் என்றால், உங்களுக்கு ஒரு பாடமும் நடத்தாத துறைத்தலைவரைவிட அவரே தகுந்தவர். பல பிள்ளைகள் கௌரவ விரிவுரையாளரைக் கேட்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கத்துக்கு அடிப்படை இல்லை. கடிதத்தில் அவர் தம் பதவியை உள்ளபடியே குறிப்பிட்டு, உங்களை எந்த வகையில், எவ்வளவு காலமாகத் தெரியும் என்பதை முதல் பத்தியிலேயே சொன்னால் போதும். விண்ணப்பம் துறைத்தலைவரின் கடிதத்தையே கட்டாயமாகக் கேட்டால் மட்டும் வேறு வழியில்லை. அப்போதும் உங்களை அறிந்த ஆசிரியரின் கருத்தைத் துறைத்தலைவர் கேட்டு எழுதும்படி வேண்டிக்கொள்ளலாம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று கடிதங்களைக் கேட்கும். பிரிட்டனில் இரண்டு போதும் என்பது வழக்கம். மூன்று பேரும் ஒரே செய்தியைத் திரும்பச் சொல்லாதபடி தேர்ந்தெடுங்கள். ஆய்வேட்டை வழிநடத்தியவர் உங்கள் ஆய்வுத் திறனைப் பேசட்டும். கடினமான தாள் ஒன்றை நடத்தியவர் பாட அறிவைப் பேசட்டும். ஓசூர் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றிருந்தால் அங்கே உங்கள் வேலையை நேரில் மேற்பார்த்த பொறியாளர் மூன்றாமவராக இருக்கலாம். ஆய்வுப் படிப்பு என்றால் மூவரில் இருவராவது கற்பிப்பவராகவோ ஆய்வாளராகவோ இருப்பது நல்லது.

எப்போது, எப்படிக் கேட்பது

கடைசி நாளுக்குக் குறைந்தது ஐந்தாறு வாரங்களுக்கு முன் கேளுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட விண்ணப்பங்கள் பல டிசம்பரில் முடிகின்றன. நம் கல்லூரிகளில் நவம்பரும் டிசம்பரும் செமஸ்டர் தேர்வுக் காலம். தேர்வு முடிந்ததும் ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஆயுதபூசை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தவுடன் கேட்பது இருவருக்கும் வசதி.

நேரில் போய்க் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிக் கேட்பது, எதிரில் இருப்பவருக்கு மறுக்கவும் முடியாமல் சரியாகச் சம்மதிக்கவும் முடியாமல் செய்துவிடும். வகுப்புகளுக்கு இடையே நடைவழியில் நிறுத்திக் கேட்காமல், "சார், மேற்படிப்பு விஷயமாக உங்களிடம் ஒரு பத்து நிமிடம் பேச வேண்டும், எப்போது வரட்டும்?" என்று நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். அந்தச் சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்வி இது: "என்னுடைய வேலையைப் பார்த்த வகையில், இந்தப் படிப்புக்கு நான் பொருத்தமானவள் என்று உங்களால் உறுதியாக எழுத முடியுமா சார்? நேரம் இருக்காது என்றாலும் சொல்லுங்கள், நான் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன்." உறுதியாக எழுத முடியுமா என்று கேட்பதும், மறுப்பதற்கு ஒரு வழியைத் திறந்து வைப்பதும் முக்கியம். ஆசிரியர் தயங்கினாலோ, "என்னைவிட நன்றாக உன்னைத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா அம்மா?" என்று கேட்டாலோ, அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; அரைமனதோடு எழுதப்பட்ட கடிதத்திலிருந்து அவர் உங்களைக் காப்பாற்றுகிறார்.

கொடுக்க வேண்டிய குறிப்பு

ஆசிரியர் சம்மதித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒரு கோப்பில் மதிப்பெண் பட்டியலின் நகல், தற்குறிப்பு, நோக்க அறிக்கையின் வரைவு, விண்ணப்பிக்கும் இடங்களும் கடைசி நாட்களும் அடங்கிய ஒரு பக்க அட்டவணை ஆகியவற்றை வைப்பீர்கள். இவை எல்லோரும் கொடுப்பவை. இவற்றோடு ஒன்றரைப் பக்க அளவில் ஒரு நினைவுக் குறிப்பை நீங்களே எழுதித் தர வேண்டும். அந்தக் குறிப்பில் உங்களை நீங்கள் புகழக் கூடாது. அந்த ஆசிரியரின் கண்முன் நடந்தவற்றை நாள், இடம், செயல் என்று திரும்ப எடுத்துச் சொல்ல வேண்டும். புகழ்வதா இல்லையா என்பது அவருடைய தீர்ப்பு.

வேதியியல் முதுகலை மாணவி ஒருவர் பாலக்கோட்டுப் பகுதியின் குடிநீரில் ஃபுளோரைடு அளவைத் தம் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். "ஆய்வேட்டை மிகுந்த ஈடுபாட்டுடன் செய்து முடித்தேன்" என்று அவர் குறிப்பெழுதினால், ஆசிரியரும் அதையே மொழிபெயர்த்து எழுதுவார். அதற்குப் பதிலாக அவர் இப்படி எழுதலாம்:

"ஐயா, மார்ச் முதல் வாரத்தில் ஓர் ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீரையும், அதே கிணற்றிலிருந்து நிரப்பப்படும் மேல்நிலைத் தொட்டியின் நீரையும் அளந்தபோது, தொட்டி நீரில் ஃபுளோரைடு கூடுதலாகக் காட்டியது. நீங்கள் பதிவேட்டைப் பார்த்து, ஒரே நீர் எப்படி இரண்டு அளவைக் காட்டும் என்று கேட்டீர்கள். நான் மறுநாள் அந்த ஊருக்குப் போய், தொட்டியை இயக்குபவரிடம் விசாரித்ததில், மாதிரி எடுத்த அன்று காலையில் பிளீச்சிங் பவுடர் கலந்திருந்தது தெரிந்தது. நம் நிறமானி முறையில் ஃபுளோரைடு சாயத்தை வெளுப்பதை வைத்து அளக்கிறோம். குளோரினும் அதே சாயத்தை வெளுக்கும் என்று செய்முறை நூலில் படித்து உங்களிடம் காட்டினேன். உங்கள் அனுமதியுடன் சோடியம் ஆர்சனைட்டைச் சேர்த்துக் குளோரினை நீக்கி மறுபடி அளந்தபோது இரண்டு அளவுகளும் நெருங்கி வந்தன. அதன் பிறகு எல்லாத் தொட்டி மாதிரிகளையும் அவ்வாறே திரும்ப அளந்தேன்."

இந்தப் பத்தியில் புகழ்ச்சியான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் இதைப் படித்ததும் ஆசிரியருக்கு அந்த நாள் நினைவுக்கு வரும். மாணவி எழுதாத ஒன்றும் சேர்ந்து வரும். மற்றவர்கள் சராசரி எடுத்துவிட்டு நகர்ந்திருப்பார்கள் என்றோ, அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொன்னேன் என்றோ அவரே எழுதுவார். அந்த வரிகளை உங்களால் எழுத முடியாது, அவரால் மட்டுமே முடியும். அவைதான் கடிதத்துக்கு உயிர் தருகின்றன.

ஊரைப் பற்றிய விளக்கமும் இங்கே தேவைப்படும். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதும், அதைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும், பற்களில் படியும் காவிக் கறைக்கு அது காரணம் என்பதும் நமக்குத் தெரியும். ஜெர்மனியிலோ கனடாவிலோ கடிதத்தைப் படிப்பவருக்குத் தெரியாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. உங்கள் மாதிரிகள் அந்த அளவோடு ஒப்பிட எங்கே நின்றன என்பதை ஒரு வரியில் குறிப்பில் சேர்த்துவிட்டால், ஆசிரியர் ஆய்வேட்டைத் தேடி எடுத்துப் புரட்ட வேண்டியிருக்காது.

அறிவியல் மாணவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். நடுகற்கள் நிறைந்த மாவட்டங்கள் இவை. ஒரு நடுகல்லின் வட்டெழுத்து வாசகத்தில் ஓர் எழுத்து ஐயமாக இருந்ததால் மீண்டும் போய் மைப்படி (கல்லின்மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி) எடுத்து வந்து, முன்பு கொண்ட பொருளை மாற்றிக்கொண்ட வரலாற்று மாணவருக்கும், நேர்காணலில் சொல்லப்பட்டதை நம்பிவிடாமல் காவேரிப்பட்டணத்து மாம்பழக்கூழ் ஆலைகளின் கொள்முதல் விலையை மண்டியிலும் விசாரித்து ஒப்பிட்ட பொருளியல் மாணவிக்கும் சொல்வதற்குச் செய்தி இருக்கிறது.

இப்படி மூன்று நிகழ்ச்சிகள் போதும். பத்து நிகழ்ச்சிகள் எழுதினால் எது முக்கியம் என்று ஆசிரியருக்கே தெரியாமல் போய்விடும். மூன்றில் ஒன்றாவது, உங்கள் வேலையில் இருந்த ஒரு குறையை அவர் சுட்டிக்காட்ட, நீங்கள் அதைத் திருத்திக்கொண்டதாக இருக்கட்டும். விண்ணப்பப் படிவங்கள் சில, மாணவர் எதில் முன்னேற வேண்டும் என்றும் ஆசிரியரைக் கேட்கின்றன. அந்தக் கேள்விக்கு அவர் நேர்மையாகப் பதில் சொல்ல இது உதவும்.

அரியர் இருந்தாலோ, ஒரு பருவத்தில் மதிப்பெண் சரிந்திருந்தாலோ, அதை மறைக்க வேண்டாம். வீட்டில் நேர்ந்த நோய், அஞ்செட்டியிலிருந்தோ பென்னாகரத்துக்கு அப்பாலிருந்தோ இரண்டு பேருந்து மாறி வந்து படித்தது, விடுமுறைக் காலத்தில் வேலைக்குப் போனது, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருப்பது ஆகியவற்றை ஆசிரியர் அறிந்திருந்தால், இரண்டு வரியில் அவர் சொல்லும்போது அது மதிப்பெண் பட்டியலுக்கு ஒரு விளக்கமாகும். இரக்கத்தைக் கேட்கும் தொனி வந்துவிடாதபடி, அந்தச் சூழலிலும் நீங்கள் செய்து முடித்தது என்ன என்பதோடு இணைத்தே அதைக் குறிப்பில் எழுதுங்கள். எழுத விருப்பமில்லாத வீட்டு விஷயத்தை எழுத வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இன்னொன்று, ஒப்பீடு. பெரும்பாலான இணையப் படிவங்கள், இந்த மாணவர் நீங்கள் கற்பித்தவர்களில் முதல் 5 விழுக்காட்டில் இருப்பவரா, 10 விழுக்காட்டில் இருப்பவரா என்று கேட்கின்றன. நம் பல்கலைக்கழகத்தின் 78 விழுக்காடு உயர்ந்ததா சாதாரணமா என்பது வெளியிலிருப்பவருக்குத் தெரியாததால், இந்தக் கேள்விக்கு உண்மையான மதிப்பு உண்டு. வகுப்பில் எத்தனை பேர், உங்கள் இடம் எது என்பது தெரிந்திருந்தால் குறிப்பில் எழுதுங்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். எந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மட்டும் ஆசிரியரிடம் சொல்லாதீர்கள்.

குறிப்பைத் தமிழிலேயே எழுதலாம். கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டியிருப்பதால் குறிப்பும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று நினைத்து, தெரிந்த நான்கு பெருஞ்சொற்களைக் கோத்து எழுதுகிறவர்களின் குறிப்பில் நடந்தது எதுவும் தெரிவதில்லை. தமிழில் நடந்ததை நடந்தபடி எழுதி, கலைச்சொற்களையும் தாள்களின் பெயர்களையும் மட்டும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி ஆங்கிலத்தில் தந்தால் ஆசிரியருக்கு எளிது. தம் ஆங்கிலத்தைப் பற்றித் தயங்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எளிய, குறுகிய வாக்கியங்களில் உண்மையான செய்தியைச் சொல்லும் கடிதத்தை எந்தத் தேர்வுக் குழுவும் குறைத்து மதிப்பதில்லை. தேவைப்பட்டால் ஆங்கிலத் துறையில் உள்ள நண்பர் ஒருவரிடம் அவரே காட்டித் திருத்திக்கொள்வார்.

"நீயே எழுதிக்கொண்டு வா"

இதைச் சொல்லும் ஆசிரியர்கள் கெட்டவர்கள் அல்லர். வேலைப்பளுவாலும், மாணவருக்கு எது வேண்டுமோ அதை அவரே எழுதிக்கொள்ளட்டும் என்ற தாராளத்தாலும் சொல்கிறார்கள். ஆனாலும் இதை ஏற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மாணவரே எழுதிய கடிதத்தை ஆசிரியரின் மதிப்பீடு என்று அனுப்புவதைப் பல்கலைக்கழகங்கள் நேர்மைக்குப் புறம்பானதாகக் கருதுகின்றன. தெரியவந்தால் சேர்க்கையே ரத்தாகலாம். மேலும், நோக்க அறிக்கையும் மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருப்பதை, ஆண்டுதோறும் கடிதம் படிப்பவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர் உங்களிடம் கண்டதும் நீங்கள் அறியாததுமான ஏதோ ஒன்று அந்தக் கடிதத்தில் வராமலே போய்விடும்.

மறுப்பதும் கடினம், பெரியவரிடம் முடியாது என்று சொல்ல நமக்கு வாய் வராது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், மாணவர் எழுதக் கூடாது என்று அவர்கள் விதியில் இருக்கிறது. உங்களுக்கு வேலை குறையும்படி எல்லா விவரங்களையும் குறிப்பாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நீங்கள் பார்த்துவிட்டு நான்கு பத்தி எழுதினால் போதும் சார்." குறிப்பு கையில் தயாராக இருக்கும்போது, பெரும்பாலான ஆசிரியர்கள் அதைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். தட்டச்சு செய்ய நேரமில்லை என்றால், அவர் தம் கைபேசியில் பேசிப் பதிவு செய்துகொண்டு பிறகு ஒழுங்கு செய்துகொள்ளலாம்.

ஆசிரியரின் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கைத் தொடங்கி, கடிதத்தைத் தாங்களே பதிவேற்றித் தருவதாகச் சொல்லும் ஆலோசனை மையங்கள் உண்டு. அது மோசடி. எவ்வளவு அவசரமானாலும் அந்த வாசலை மிதிக்காதீர்கள்.

பதிவேற்றும் நாள்வரை

இப்போது பெரும்பாலான இடங்களுக்குக் கடிதத்தை உறையிலிட்டு அனுப்ப வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரியை நீங்கள் பதிந்ததும், அவருக்கு ஓர் இணைப்பு போகும்; அதன் வழியே அவர் படிவத்தை நிரப்பிக் கடிதத்தைப் பதிவேற்றுவார். ஜிமெயில் முகவரியைவிடக் கல்லூரியின் பெயரில் உள்ள முகவரியையே பல பல்கலைக்கழகங்கள் விரும்புகின்றன. உங்கள் ஆசிரியருக்கு அப்படி ஒன்று இருக்கிறதா, அதை அவர் திறந்து பார்க்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். முகவரியை அவர் வாயால் சொல்லக் கேட்டு எழுதாமல், அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். இணைப்பு ஸ்பேம் பகுதியில் விழுந்து கிடப்பது அடிக்கடி நடப்பதால், பதிந்த அன்றே, எந்தப் பெயரில் எங்கிருந்து மின்னஞ்சல் வரும் என்பதைச் சொல்லி வையுங்கள்.

கடிதம் கல்லூரியின் முகவரித்தாளில், தேதி, கையெழுத்து, பதவி, தொடர்பு விவரம் ஆகியவற்றோடு பி.டி.எஃப். கோப்பாக இருக்க வேண்டும். முகவரித்தாளுக்கு அலுவலக அனுமதி தேவைப்படும் கல்லூரிகளில் அதற்கே சில நாட்கள் போய்விடும். ஆசிரியரிடம் முன்பே நினைவூட்டுங்கள்.

அமெரிக்க விண்ணப்பங்களில், கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். அந்நாட்டின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மாணவருக்குத் தரும் உரிமை அது. விட்டுக்கொடுப்பதே நல்லது, மாணவர் பார்க்கமாட்டார் என்று தெரிந்து எழுதப்பட்ட கடிதத்தைப் படிப்பவர்கள் கூடுதலாக நம்புகிறார்கள். ஆசிரியர் கடிதத்தைத் தாமாகக் காட்டினால் பார்க்கலாம். காட்டும்படி கேட்க வேண்டாம்.

கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பு ஒருமுறை, நான்கைந்து நாள் முன்பு ஒருமுறை நினைவூட்டுங்கள். "சார், வியாழக்கிழமை கடைசி நாள், இணைப்பு திறப்பதில் சிரமம் இருந்தால் நான் வந்து பார்க்கிறேன்" என்பது போல, உதவி தரும் வாக்கியமாக அது இருக்கட்டும். நம் நேரமும் அவர்கள் நேரமும் வேறு. அமெரிக்காவில் 15ஆம் தேதி நள்ளிரவு என்பது இங்கே 16ஆம் தேதி காலையோ பிற்பகலோ ஆகும் என்றாலும், அந்தச் சில மணி நேரத்தை நம்பி ஆசிரியரைக் காக்க வைக்க வேண்டாம்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் நேரில் நன்றி சொல்லுங்கள். கடிதத்துக்கு முன் எந்தப் பரிசும் கொடுக்காதீர்கள். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவைச் சொல்லுங்கள். கடிதம் வாங்கிய பிறகு செய்தியே சொல்லாத மாணவர்களைப் பற்றி ஆசிரியர்கள் வருத்தத்தோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அரசு கல்லூரி ஆசிரியர்கள் மாற்றலாகி அரூருக்கோ சேலத்துக்கோ போய்விடக்கூடும், ஓய்வும் பெறக்கூடும். அவர் கடிதத்தின் கோப்பைத் தம்மிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படியும், மாற்றலானாலும் மாறாத ஒரு கைபேசி எண்ணைத் தரும்படியும் இப்போதே கேட்டுக்கொண்டால், இரண்டு ஆண்டு கழித்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, அதுவரை நீங்கள் செய்தவற்றை அரைப் பக்கம் சேர்த்து எழுதி அனுப்பினாலே அவர் அதே கடிதத்தைப் புதுப்பித்துத் தந்துவிடுவார்.